நாலு பொட்டின் விலை

முப்பத்தோரு வருஷம் மிச்சம் பிடித்த மனிதர் கடைசியில் எதை மிச்சம் பிடித்தார்? நார்ம் லம்பியைத் தெரிந்தவர்கள் இதை ஒருமுறையாவது கேட்டிருப்பார்கள், பெரும்பாலும் சிரித்துக்கொண்டே. சிரிக்காமல் கேட்டது அவர் மனைவி டார்லீன் மட்டும்தான். அதுவும் 2021க்குப் பிறகு. அதற்கு முன் அவருக்கும் அது வேடிக்கையாகத்தான் இருந்தது.

நார்ம் இஷ்பெமிங் என்ற ஊருக்குப் பக்கத்து இரும்புச் சுரங்கத்தில் எலக்ட்ரீஷியனாக இருந்து ஓய்வு பெற்றவர். வேலையில் சேர்ந்த பத்தாம் வருஷமோ என்னமோ, சுரங்கம் வேலைநிறுத்தத்தால் ஆறு மாதம் மூடிக் கிடந்தபோது, ரிவால்வருக்குத் தோட்டா வாங்கக் காசில்லாமல் அதை வீட்டிலேயே செய்யப் பழகினார். சுட்டபின் தரையில் விழுந்து கிடக்கும் பித்தளைக் கூடுகளைத் துப்பாக்கி சுடும் கிளப்பில் முழங்காலிட்டுப் பொறுக்குவார். மற்றவர்கள் விட்டுப் போனதையும் சேர்த்துத்தான். டயர் கடையில் கழித்துப்போடும் ஈயத் துண்டுகளை வாங்கி வந்து உருக்கிக் குண்டு வார்ப்பார். வெடிமருந்து கொஞ்சம்தான் பிடிக்கும், ஒரு டப்பா ஒரு வருஷம் வரும். ஆகக் காசு கொடுத்துத் தீரவேண்டியது கூட்டின் அடியில் பொருத்தும் பிரைமருக்கு மட்டும். பொட்டு வெடியின் பொட்டுபோல அத்தனை சின்னது, வீட்டில் அதற்குப் பொட்டு என்றே பேர். அடித்தால் தீப்பொறி வரும், அந்தப் பொறியில் மருந்து பற்றும்.

கடையில் ஐம்பது தோட்டா உள்ள ஒரு பெட்டி இருபத்திரண்டு டாலர் விற்ற காலத்தில் நார்முக்கு மூன்று டாலர் ஆனது. இந்தக் கணக்கை அவர் யாரிடமும் சொல்லாமல் விட்டதில்லை. கிளப்பில் அவருக்கு மூத்தவரான ஆர்வோ ஒருமுறை, அவர் சொல்லி முடிக்கும்வரை பொறுமையாகக் கேட்டுவிட்டு, "நாங்க வாரம் ஒரு பெட்டி சுடுறோம். நீ மலிவுன்னு ஏழு பெட்டி சுடுற. கடைசியில ஒரே செலவுதான் நார்ம், உனக்குத் தோள்வலி மட்டும் லாபம்" என்றார். நார்ம் அதை மறுக்கவில்லை. மறுக்கத் தெரியவில்லை என்றுகூடச் சொல்லலாம். அவருடைய கணக்கு ஒரு தோட்டாவுக்கு ஆகும் விலையைச் சொல்லும், ஒரு வருஷத்துக்கு ஆகும் விலையைச் சொல்லாது. நம்மில் பலர் அப்படித்தான் கணக்குப் பார்க்கிறோம்.

மகள் ஹெய்டிக்கு இதில் நம்பிக்கை இருந்ததில்லை. கிரீன் பேயில் நர்ஸ் வேலை, பெரும்பாலும் இரவு டியூட்டி. தனியாகக் கார் ஓட்டிப் போகிறவள் என்பதால் ஐந்து குண்டு போடும் சின்ன ரிவால்வர் ஒன்று வைத்திருந்தாள், ஞாயிற்றுக்கிழமைகளில் பழகப் போவாள். அப்பா செய்ததை மட்டும் தொட மாட்டாள். "கூட்டைக் குப்பையில பொறுக்குறாரு, ஈயத்தை டயர் கடையில பொறுக்குறாரு. என் கை ஒண்ணும் பொறுக்கினது இல்ல" என்று ஒரு கிறிஸ்துமஸ் சாப்பாட்டில் சொல்லிவிட்டாள். நார்ம் சிரித்தார். அன்று அவர் இரண்டாம் தடவை எதுவும் எடுத்துச் சாப்பிடவில்லை என்பதை டார்லீன் கவனித்தார்.

பிறகு, பெருந்தொற்றுக் காலத்தில், தோட்டாவுக்குத் தட்டுப்பாடு வந்தது. கடை அலமாரிகள் காலியாயின. எப்போதாவது சரக்கு வந்தால் ஆளுக்கு ஒரு பெட்டி, ஐம்பத்தைந்து டாலர். பிரைமர் விலை மூன்று பங்கானது, அதுவும் கிடைத்தால்தான். நார்மிடம் பழைய கையிருப்பு இருந்தது. அது குறையக் குறைய அவர் ஒவ்வொரு பொட்டையும் விரல்நுனியில் எடுக்கும் விதமே மாறியது. 2021 மார்ச் மாதம் ஒரு பிற்பகல் ஹெய்டி போன் செய்தாள்.

அன்று நடந்ததை டார்லீன் பிற்பாடு பலமுறை மனதுக்குள் ஓட்டிப் பார்த்திருக்கிறார். நார்ம் கீழே நிலவறையில் தோட்டா செய்யும் பிரஸ்ஸில் இருந்தார். அந்த மெஷினில் ஒரு வட்டத் தட்டு. தட்டில் நாலு கூடுகள் நிற்கும். கைப்பிடியை ஒருமுறை இழுத்தால் நாலுக்கும் நாலு வேலை நடக்கும்: ஒன்றில் பொட்டு ஏறும், ஒன்றில் மருந்து விழும், ஒன்றில் குண்டு உட்காரும், ஒன்றின் வாய் இறுகும். பிறகு கட்டைவிரலால் தட்டை ஒரு கால் சுற்றுத் திருப்ப வேண்டும். திருப்பாமல் இரண்டாம் முறை இழுத்துவிட்டால் ஒரே கூட்டில் இரண்டு தடவை மருந்து விழும். அது பொங்கி வழியாது, கூட்டில் இடம் தாராளம். மேலே குண்டு உட்கார்ந்துவிட்டால் வெளியே ஒரு வித்தியாசமும் தெரியாது. சுடும்போது தெரியும்.

டார்லீன் படிமேல் நின்று கூப்பிட்டார். ஒரு நிமிஷம் என்றார் நார்ம். அன்று ஹெய்டிக்குப் பகல் டியூட்டி, இடைவேளை பத்து நிமிஷம்தான், அதில் பாதி போய்விட்டது என்று டார்லீனுக்குத் தெரியும்.

"அது எங்கயும் ஓடிடாது நார்ம், இப்பவே வா. உன் பொண்ணு உன்கிட்ட ஏதோ கேக்கணுமாம்."

அவர் ஏறி வந்தார். ஹெய்டி கேட்டது இரண்டு பெட்டித் தோட்டா. கடையில் இல்லை, ஈஸ்டருக்கு வரும்போது எடுத்துக்கொள்ளலாமா என்று. நார்ம் அதற்குச் சொன்ன பதில் மிகச் சாதாரணமானது, பார்க்கலாம் என்ற அளவில்தான். ஆனால் போனை வைத்துவிட்டுப் படியிறங்கியபோது விசிலடித்துக்கொண்டு போனார். அவர் விசிலடித்து டார்லீன் கேட்டது சுரங்க வேலைநிறுத்தம் முடிந்த அன்றைக்குப் பிறகு அதுதான்.

வேலை நடுவில் நின்றுபோனால் தட்டில் இருக்கும் நாலையும் எடுத்து எண்ணெய் டப்பாவில் போட்டுவிடுவது அவர் வழக்கம். எண்ணெய் பட்டால் பொட்டு செத்துவிடும், வெடிக்காது. சந்தேகமென்றால் எண்ணெய். முப்பத்தோரு வருஷமும் அப்படித்தான். அன்று போடவில்லை. அந்த நாலில் நாலு பொட்டு இருந்தது. அந்த மாத விலைக்கு நாற்பது செண்ட்.

ஈஸ்டருக்கு ஹெய்டி வந்தாள், இரண்டு பெட்டியை எடுத்துக்கொண்டாள். வெள்ளைப் பிளாஸ்டிக் பெட்டி, மூடியில் ஒட்டிய காகிதத்தில் பென்சிலால் அவர் பெயரின் இரண்டு எழுத்தும் தேதியும். அன்று செய்த முந்நூற்றையும் நார்ம் ஒரே வாளியில் கொட்டித் துடைத்துத்தான் ஆறு பெட்டியாக அடுக்கியிருந்தார். எது முன்னால் செய்தது, எது பின்னால் என்பது அதற்கப்புறம் அவருக்கே தெரியாது.

மூன்று வாரம் கழித்து ஒரு சனிக்கிழமை மாலை, இருவரும் வழக்கம்போல சவுனாவில், விறகடுப்பு வைத்த ஆவிக்குளியல் அறையில், உட்கார்ந்திருந்தார்கள். நார்ம் அடுப்பில் சூடேறிய கல்லின் மேல் தண்ணீர் விட்டார், ஆவி எழுந்தது. அவருடைய வலது கை, அங்கே இல்லாத ஒரு கைப்பிடியை இழுப்பதையும், இடது கட்டைவிரல் அசைவதையும், நிற்பதையும், மறுபடி அசைவதையும் டார்லீன் பார்த்தார். என்ன என்று கேட்டார்.

"தட்டைத் திருப்பினேனான்னு ஞாபகம் இல்ல" என்றார் நார்ம். "போனுக்கு வந்தேனே, அன்னிக்கு. இழுத்துட்டு வந்தேன். திரும்பிப் போய் இழுத்தேன். நடுவுல திருப்பினேனான்னு தெரியல."

"எப்பயிருந்து தெரியல?"

"அன்னியிலேர்ந்தே."

டார்லீன் எழுந்துபோய்த் துண்டோடு நின்றே போன் செய்தார். ஹெய்டி எடுக்கவில்லை. இரவு டியூட்டிக்கு முன் போனை அணைத்துவிட்டுத் தூங்குவாள். டியூட்டி முடிந்து ஞாயிறு காலை நேராகச் சுடும் இடத்துக்குப் போவாள். செய்தி விட்டார்கள், எழுதியும் அனுப்பினார்கள். ஆஸ்பத்திரியில் கேட்டால் வார்டில் இருக்கிறாள், சொல்லிவிடுகிறோம் என்றார்கள். அந்தக் குரலைக் கேட்டபோதே சொல்ல மாட்டார்கள் என்று டார்லீனுக்குத் தெரிந்தது.

ஞாயிறு விடிந்ததும் தெற்கே கிளம்பினார்கள். ஒரு பக்கம் முழுக்க ஊசியிலைக் காடு, பள்ளங்களில் இன்னும் பனி. நார்ம் தான் நினைத்ததையெல்லாம் சத்தமாகச் சொல்லிக்கொண்டே ஓட்டினார். ஒன்றுமே நடந்திருக்காது, கை பழக்கத்தில் தட்டைத் திருப்பியிருக்கும் என்றார். தன்னுடைய பெரிய ரிவால்வராக இருந்தால் இரண்டு பங்கு மருந்தையும் தாங்கும் என்றார். பிறகு, அவளுடையது சின்னது என்றார். வெடித்தால் என்ன ஆகும் என்று டார்லீன் கேட்கவில்லை. கிளப்பில் மூன்று விரல் உள்ள ஒருவர் இருந்தார்.

கிரீன் பே போய்ச் சேர ஒரு மணி நேரம் இருக்கும்போது, பெட்ரோல் போட நின்ற இடத்தில் ஹெய்டி கூப்பிட்டாள். பதினோரு அழைப்பைப் பார்த்து அம்மாவுக்கு என்னமோ ஆகிவிட்டது என்று நினைத்தாளாம், மூச்சிரைத்தது. டார்லீன் போனை ஸ்பீக்கரில் போட்டு நார்மிடம் கொடுத்துவிட்டார். அதை நார்ம் வாயால்தான் சொல்லவேண்டும் என்று டார்லீனுக்குப் பட்டது.

நார்ம் சொன்னார். எந்த நாளில், எந்த நிமிஷத்தில், எதைச் செய்யாமல் விட்டார் என்று ஒன்றுவிடாமல் சொன்னார். நாலு பொட்டு விஷயத்தையும் சொன்னார். ஹெய்டி, ஒரு பெட்டி முழுதும் சுட்டாகிவிட்டது, போன வாரமே, ஒன்றும் ஆகவில்லை என்றாள்.

"அப்ப இன்னொரு பெட்டி?" என்றார் நார்ம்.

"அது என்கிட்ட இல்லப்பா."

போன ஞாயிறு பக்கத்து மேஜையில் ஒரு பெண் நின்றிருந்தாளாம். நாற்பது வயது இருக்கும். இதே தோட்டா போடும் தாத்தாவின் பழைய ரிவால்வர் ஒன்றைத் துணியில் சுற்றிக் கொண்டுவந்திருந்தாள். கடை கடையாக அலைந்தும் ஒரு தோட்டா கிடைக்கவில்லை, பழைய புருஷன் ஜாமீனில் வெளியே வருகிறான், சுடத் தெரிந்துகொள்ள வேண்டும் என்று சொன்னாளாம். ஹெய்டி அந்தப் பெட்டியை அப்படியே கொடுத்துவிட்டாள். பெயர் கேட்கவில்லை. பச்சைக் கோட்டு, காதோரம் நரை. அவ்வளவுதான் ஞாபகம்.

"எங்க அப்பா செஞ்சதுன்னு சொல்லித்தான்பா கொடுத்தேன்" என்றாள் ஹெய்டி. அழுதாளா என்று டார்லீனால் சொல்ல முடியவில்லை. நார்மின் முகத்தை மட்டும்தான் அவர் பார்த்துக்கொண்டிருந்தார்.

மூவரும் அந்தச் சுடும் இடத்தில் சந்தித்தார்கள். அங்கே இருந்த ஆள் நல்லவர்தான். வருகைப் புத்தகத்தை எடுத்துக் காட்டினார். போன ஞாயிறு நாற்பத்தேழு பேர், பாதிக் கையெழுத்து படிக்க முடியாதவை, பச்சைக் கோட்டுக்கு அதில் கட்டம் இல்லை. அறிவிப்புப் பலகையில் ஒரு காகிதம் ஒட்ட அனுமதி கொடுத்தார். நார்ம் பெரிய எழுத்தில் எழுதினார்: வெள்ளைப் பெட்டி, மூடியில் பென்சில் எழுத்து, சுட வேண்டாம், கூப்பிடவும், புதுப் பெட்டி வாங்கித் தருகிறேன். போலீஸ் ஸ்டேஷனுக்கும் போனார்கள். அங்கே ஒரு இளம் அதிகாரி குறித்துக்கொண்டார். என்ன குற்றம் என்று எழுதுவது என்பதில் அவருக்கே குழப்பம். ஜாமீனில் வந்த புருஷன்மார் எத்தனை பேர் என்று டார்லீன் கேட்டபோது அவர் பேனாவை மூடி வைத்தார்.

வீட்டுக்கு வந்ததும் மிச்சமிருந்த நாலு பெட்டியை நார்ம் மேஜையில் வைத்தார். முதலில் தராசு. இரண்டு பங்கு மருந்து இருந்தால் எடை கூடத்தானே வேண்டும். டார்லீன் எடுத்துக் கொடுக்க, அவர் ஒவ்வொன்றாக நிறுத்தார். இருபதை எடை பார்த்ததும் அதை விட்டுவிட்டார். பத்துக் கம்பெனிக் கூடுகள், தரையிலிருந்து பொறுக்கியவை. ஒரு கூட்டுக்கும் இன்னொரு கூட்டுக்கும் இருக்கும் எடை வித்தியாசமே ஒரு பங்கு மருந்தைவிட அதிகம். காசு கொடுத்து ஒரே மாதிரிக் கூடு வாங்கியிருந்தால் தராசு சொல்லியிருக்கும். அதை நார்ம் வாய்விட்டுச் சொன்னார், வேறு யாருடைய தப்பையோ விளக்குவதுபோல.

பிறகு சுத்தியல், குண்டு கழற்றவென்றே தலையில் குழியோடு செய்தது. தோட்டாவை அதன் தலைக்குள் மாட்டி, கான்கிரீட் தரையில் ஓங்கித் தட்டினால் குண்டு கழன்று விழும், மருந்து கொட்டும். இருநூறு தோட்டா. ஒவ்வொன்றுக்கும் மூன்று நாலு தட்டு. இரண்டு நாள் அந்தச் சத்தம் தரைப்பலகை வழியாக டார்லீனின் பாதத்துக்கு வந்துகொண்டே இருந்தது. அந்த இரண்டு நாளும் அவர் ஒன்றையே வேண்டினார்: அது இங்கேயே இருக்கட்டும். கெட்டது நம் வீட்டில் இருக்கட்டும் என்று ஒருவர் வேண்டுவது விசித்திரமாகத் தோன்றலாம். வேறு எங்கு இருந்தாலும் அதற்கு ஒரு கை தேவைப்படும், அந்தக் கை யாருடையது என்று தெரியாது. அவர் வேண்டியதற்குக் காரணம் அதுதான்.

செவ்வாய்க்கிழமை சத்தம் நின்றது. நார்ம் மேலே வந்து சிங்க்கில் கை கழுவினார்.

"எல்லாம் சரியா இருக்கு" என்றார். வாழ்க்கையில் அந்த வார்த்தையை யாரும் அப்படிச் சொல்லி டார்லீன் கேட்டதில்லை.

"நான் கூப்பிடாம இருந்திருந்தா..." என்று டார்லீன் ஆரம்பித்தார்.

"நீ கூப்பிட்டதுல ஒண்ணும் இல்ல டார்லீன். எண்ணெய் டப்பா பக்கத்துலதான் இருந்துச்சு."

முந்நூற்றில் இருநூற்றைம்பது சரி. மீதி ஐம்பது பச்சைக் கோட்டுக்காரியிடம். அவற்றில் ஒன்று கெட்டதாக இருக்கலாம், ஒன்றுமே இல்லாமலும் இருக்கலாம். அவள் அதை ஏற்கெனவே சுட்டிருக்கலாம். பழைய ரிவால்வர் தாங்கியிருக்கலாம். அல்லது இன்னும் சுடாமல், தலைமாட்டில், தேவைப்படும் நேரத்துக்காக ரிவால்வருக்குள்ளேயே இருக்கலாம். நார்ம் திங்கட்கிழமைதோறும் அந்தச் சுடும் இடத்துக்குப் போன் செய்வார். அங்கே இருப்பவர், அவள் வரவில்லை என்பார். மாதம் ஒருமுறை நேரில் போய்ப் பலகைக் காகிதத்தைப் புதிதாக எழுதி ஒட்டிவிட்டு வருவார். போக வர ஆகும் பெட்ரோலுக்கு, பழைய விலையில், இரண்டு பெட்டி கடைத் தோட்டா வாங்கலாம். ஆர்வோவுக்கு விஷயம் தெரியும். அவர் அதன்பிறகு தோள்வலி லாபம் என்ற பேச்சை எடுக்கவே இல்லை. அது நார்முக்கு இன்னும் கஷ்டமாக இருந்திருக்கும் என்று டார்லீன் நினைத்தார்.

பிரஸ்ஸுக்குத் துணி போர்த்தியாகிவிட்டது. செய்தித்தாளில் விபத்துச் செய்தி வரும் பக்கத்தை நார்ம் முதலில் படித்தார், பிறகு படிப்பதை விட்டார். கிரீன் பே ஆஸ்பத்திரியில் கையில் கட்டோடு வரும் ஒவ்வொரு பெண்ணையும் ஹெய்டி பார்ப்பதாக ஒருமுறை அம்மாவிடம் சொன்னாள். அப்பாவிடம் சொல்ல வேண்டாம் என்றும் சொன்னாள். டார்லீன் சொல்லவில்லை. சொல்லாமல் இருப்பதைத் தவிர அந்த வீட்டில் அவரால் செய்ய முடிந்தது அதிகம் இல்லை. கேக்கும் காப்பியும் போட்டார், சனிக்கிழமை சவுனாவுக்கு விறகு வைத்தார், நார்மின் கட்டைவிரலைப் பார்க்காமல் இருக்கப் பழகினார்.

இரண்டு வருஷம் போனது. யாரும் கூப்பிடவில்லை. கடைகளில் சரக்கு திரும்ப வந்தது, பொட்டு விலை கொஞ்சம் இறங்கியது. 2023 ஈஸ்டருக்கு வருவதற்கு ஒரு வாரம் முன்பு ஹெய்டி போன் செய்து, அப்பாவைக் கூப்பிடச் சொன்னாள்.

"அப்பா, எனக்கு ரெண்டு பெட்டி செஞ்சு வை. எடுத்துக்கிறேன்" என்றாள்.

கடையில் தாராளமாகக் கிடைக்கிறதே என்று நார்ம் கேட்டார்.

"கிடைக்கட்டும். எனக்கு உன்னுது வேணும்."

டார்லீன் பக்கத்தில் நின்று கேட்டுக்கொண்டிருந்தார். மகள் என்ன கொடுக்கப் பார்க்கிறாள் என்று அவருக்குப் புரிந்தது. அதை வாங்கிக்கொள்ள நார்மால் முடியுமா என்பது மட்டும் புரியவில்லை. நார்ம் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டார்.

"சரிம்மா" என்றார்.

அடுத்த நாள் கிளம்பியவர் சாயங்காலம்தான் திரும்பினார். எங்கே என்று கேட்டதற்கு மார்க்வெட் ஊர்ப் பக்கம், பிறகு எஸ்கனாபா ஊர் வரை என்றார். மூன்று ஊரில் மூன்று கடை ஏறினால் ஆகும் நேரம் அது. நேரே நிலவறைக்குப் போனார். டார்லீன் சமையலறையில் நின்று காது கொடுத்தார். பிரஸ்ஸின் கைப்பிடிச் சத்தம் அவருக்கு நன்றாகத் தெரியும். இழுக்கும்போது ஒன்று, விடும்போது ஒன்று. அது கேட்கவே இல்லை. ஒன்றோடொன்று மெல்ல உரசும் பித்தளைச் சத்தம் மட்டும் கொஞ்ச நேரம் கேட்டது.

ஈஸ்டர் ஞாயிறு சாப்பாட்டுக்குப் பின் நார்ம் இரண்டு வெள்ளைப் பெட்டியை மேஜையில் வைத்தார். மூடியில் பென்சிலால் இரண்டு எழுத்து, தேதி. ஹெய்டி ஒன்றைத் திறந்து பார்த்தாள். சாம்பல் நிற ஈயக் குண்டுகள், அடியில் ஐந்தாறு கம்பெனிகளின் முத்திரை கலந்து கிடந்தன. பொறுக்கியெடுத்தால் எப்படி இருக்குமோ அப்படி. அவள் மூடியை மூடி, அப்பாவின் தோளில் ஒரு தட்டுத் தட்டிவிட்டுப் பையில் வைத்துக்கொண்டாள். எவ்வளவு ஆச்சு என்று கேலியாகக் கேட்டாள். பெட்டிக்கு ஐந்து டாலர் என்றார் நார்ம்.

அவள் போனபிறகு டார்லீன் குப்பைக் கூடையைக் காலிசெய்யப் போனார். காப்பித் தூளுக்கும் முட்டை ஓட்டுக்கும் கீழே கடைத் தோட்டாவின் அட்டைப் பெட்டிகள் ஐந்து தட்டையாக மடிக்கப்பட்டுக் கிடந்தன. ஐந்தும் ஐந்து கம்பெனி, ஹெய்டியின் பெட்டியில் கலந்து கிடந்த அதே முத்திரைகள். விலைச் சீட்டுகள் பிய்க்கப்படவில்லை. எல்லாம் சேர்த்து நூற்றி அறுபத்தெட்டு டாலர். ஐந்து பெட்டியில் எடுத்ததுபோக மிச்சம் என்ன ஆயிற்று என்று அவர் தேடவில்லை.

அட்டைகளை எடுத்துக்கொண்டு சவுனாவுக்குப் போனார். அடுப்பில் போட்டு, மேலே இரண்டு விறகு வைத்துப் பற்றவைத்தார். கொஞ்ச நேரத்தில் நார்ம் துண்டோடு வந்து, இன்னிக்கு ஞாயிறாச்சே என்றார். குளிராக இருந்தது என்றார் டார்லீன். நார்ம் அடுப்பைப் பார்த்தார், பிறகு தன் வழக்கமான இடத்தில் உட்கார்ந்தார். டார்லீன் கல்லின் மேல் தண்ணீர் விட்டார்.

அடுத்த ஈஸ்டருக்கும் ஹெய்டி இரண்டு பெட்டி கேட்டாள். நார்ம் கொடுத்தார்.